சிலம்பும் சிறுவாடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் தலைப்பைக் கேட்டபோது, 'பொருள்' என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்தேன். தொல்காப்பியப் பொருளதிகாரம் என்று எண்ணி மகிழ்ந்தனர். வீட்டுக் கணக்கு, கடைக் கணக்கு, வட்டிக் கணக்கு ஆகிய பொருளைப் பற்றி என்று விளக்கியபோது, அவர்கள் முகத்தில் தோன்றிய மெய்ப்பாடு எட்டனுள் எது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் இசைந்தனர். அந்தத் துணிவுக்கு நன்றி.

நான் தமிழ் கற்பிப்பவள். வணிகவியல் பயின்றவள் அல்லேன். எனினும் தமிழ்ச் சொற்களே என்னை இத்துறைக்கு இழுத்துவந்தன. பொருள் என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் உட்கருத்தையும் குறிக்கும். கடன் என்பது வாங்கிய பணம், கடமையும் அதுவே. முதல் என்பது தொடக்கம், வேர், வணிகத்தில் இடும் பணம் ஆகிய மூன்றுக்கும் உரியது. இம்மூன்று சொற்களையும் கவிதையில் ஒரு பொருளிலும் கடைத்தெருவில் வேறொரு பொருளிலும் ஆளும் நாம், கவிதையில் ஆள்வதே உயர்ந்தது என்று எண்ணிவிட்டோம். அந்த எண்ணத்தால் நம் வீடுகளில் நேர்ந்திருப்பது என்ன என்பதே இவ்வுரையின் கேள்வி.

1. குமணன் பாட்டில் ஒரு மனைவி

புறநானூற்றின் 163ஆம் பாடலை அறியாத கவிஞர் இவ்வவையில் இருக்க இயலாது. முதிரமலைத் தலைவன் குமணனிடம் பெரும் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், அச்செல்வத்தை எல்லார்க்கும் கொடு என்று தம் மனைவியிடம் கூறும் பாட்டு அது. இன்னார்க்கு என்று ஆராயாதே, என்னையும் கேட்காதே, இதனை வைத்துக்கொண்டு நாம் நன்றாக வாழலாம் என்றும் எண்ணாதே என்பது புலவரின் ஆணை. வள்ளன்மைக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை என்று வகுப்பறைகளில் சொல்லி வருகிறோம், உண்மையே.

ஆனால் யார் யார்க்குக் கொடுக்கவேண்டும் என்ற பட்டியலில் ஓர் இனத்தார் இருக்கின்றனர். சுற்றத்தின் பசி தீர நெடுங்காலமாக அம்மனைவிக்குக் குறியெதிர்ப்பை கொடுத்தவர்கள். குறியெதிர்ப்பையாவது, அளவு குறித்துப் பெற்று அதே அளவில் திருப்பித் தருவது. நம் ஊர் வழக்கில் கைமாற்று. வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் முதற் குறளில் இச்சொல்லை ஆள்கிறார்.

புலவர் பரிசில் நாடிக் காடும் மலையும் கடந்த நாள்களில், வீட்டில் அடுப்பு எரிந்தது எவ்வாறு? அவர் மனைவி பக்கத்து வீடுகளில் நாழி அளந்து வாங்கினாள். யாரிடம் எவ்வளவு என்பதை நினைவில் வைத்திருந்தாள். அதே புலவரின் 159ஆம் பாடல், முதிர்ந்த தாயையும், மெலிந்த உடலோடு கீரை கொய்து சமைக்கும் மனைவியையும் நம் கண்முன் நிறுத்துகிறது. வறுமையைப் பாடியவர் புலவர். அதனைக் கணக்கிட்டு நடத்தியவள் மனைவி. அவள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவளது கடனைப் புலவர் மறைக்கவில்லை, பாட்டுக்குள்ளேயே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்று நூல் வெளியிடும் நம் கவிஞர் எத்தனை பேர் முன்னுரையில் இதனைச் செய்கின்றனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. வலியறிதலும் சாவா மூவாப் பேராடும்

வரவு சிறிதானாலும் செலவு பெரிதாகாவிடில் கேடில்லை என்ற கருத்துடைய குறளை நாம் அறிவோம். அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் 'பொருள் செயல்வகை' என்பர். அன்று, அது வலியறிதலில் இருக்கிறது. அவ்வதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களும் தன் அளவறிந்து கொடுத்தலையும் வாழ்தலையும் பற்றியவை. படைவலிமை, துணைவலிமை ஆகியவற்றைப் பேசும் இடத்தில் வரவு செலவை வைத்த வள்ளுவர், கணக்கறிவைக் கருமித்தனமாகக் கருதவில்லை, வலிமையாகக் கருதினார். வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் செயலை அறிவுடையார் தொடங்கார் என்பதையும் அவர் தெரிந்து செயல்வகையில் வைத்தார்.

முதலைக் காத்தல் என்ற கருத்தைச் சோழர்காலக் கல்வெட்டுகள் ஓர் அழகிய தொடரால் விளக்குகின்றன: சாவா மூவாப் பேராடு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 அல்லது 90 ஆடுகளை ஒருவர் வழங்குவார். இடையர் அவற்றைப் பெற்று நாள்தோறும் குறித்த அளவு நெய் அளப்பர். ஆடு சாகும், மூப்படையும். குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும். எண்ணிக்கை குறைதல் கூடாது. ஆகவே கணக்கில் அந்த ஆடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. முதல் என்றால் என்ன என்பதற்கு இதனினும் தெளிந்த இலக்கணத்தை நான் எங்கும் கண்டதில்லை. நெய் வருமானம், ஆடு முதல். நெய் போதவில்லை என்று ஆட்டை அறுத்தால், அன்று விருந்து நடக்கும். மறுநாள் விளக்கு அணையும்.

அக்காலத்தில் வட்டி பொலிசை எனப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்ச் சபையார் பெற்ற காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று காண்கிறோம், நூற்றுக்குப் பன்னிரண்டரை. நம் வழக்கில் சொன்னால், மாதம் ஒரு ரூபாய் வட்டிக்குச் சற்றே கூடுதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச்சபை கொடுத்த அந்த வட்டியை மனத்தில் நிறுத்திக்கொண்டு, நம் கடைத்தெருவுக்கு வருவோம்.

3. நூறு நாள் தண்டல்

காலையில் கடை திறப்போரை ஒரு சிறு வண்டியில் வந்து பார்த்து, அட்டையில் குறித்துப் பணம் பெற்றுச் செல்லும் தண்டல்காரரை நாம் எல்லாரும் அறிவோம். அவர் கணக்கு எளிது: 10,000 ரூபாய் கடன், 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார், நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாளில் 10,000 செலுத்தவேண்டும். வாங்குபவர், 'ஆயிரம்தானே போகிறது, நூற்றுக்குப் பத்துதானே' என்று எண்ணுகிறார்.

அந்த எண்ணத்தில்தான் கண்ணி இருக்கிறது. 9,000 ரூபாயும் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பத் தொடங்கிவிடுகிறது. ஐம்பதாம் நாளில் பாதிக்குச் சற்று மேலான தொகையே அவரிடம் நிற்கிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் ஏறத்தாழ 4,700 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு 1,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். முறைப்படி கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 78 அளவில் வருகிறது. மாதத்துக்கு ஆறு வட்டிக்கு மேல். 'ஆறு வட்டிக்குத் தருகிறேன்' என்று எவரேனும் சொன்னால் அஞ்சி ஓடும் அதே கடைக்காரர், தண்டலை இயல்பாக வாங்குகிறார். முன்பிடித்தமாக 1,500 எடுப்பாரானால் கணக்கு இன்னும் கொடியது.

தண்டல்காரரை அரக்கராகச் சித்திரிப்பது என் நோக்கமன்று. வங்கிக் கதவு திறக்கும் முன்னரே சந்தைக்குப் போகும் காய்கறிக்காரப் பெண்ணுக்கு விடியற்காலையில் பணம் தருபவர் அவரே. அவளிடம் ஈடு கேட்பதில்லை, படிவம் கேட்பதில்லை. அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதே என் வாதம்.

தெரியாமற் போனால் என்ன நேரும்? கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்தது. ஆயினும் 2017 அக்டோபர் 23 அன்று, நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானார். கந்துவட்டிக் கொடுமை பற்றி மீண்டும் மீண்டும் மனுக் கொடுத்த குடும்பம் அது. அதன் பின்னர் அந்தத் தீயைப் பற்றிக் கவிதைகள் எழுதப்பட்டன, எழுதப்படவேண்டியவையே. ஆனால் அந்தத் தீக்கு முன்னால், எங்கோ ஒரு நோட்டில், ஒரு வட்டிக் கணக்கு இருந்தது. அதனை உரிய காலத்தில் படித்துச் சொல்ல அருகில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. எழுத்தறிந்தவர் என்று நம்மைத்தானே சொல்லிக்கொள்கிறோம்?

4. இட்டலிக் கடையின் இலாபம்

ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். நம் தெருவில் ஓர் அம்மா இட்டலிக் கடை நடத்துகிறார் என்க. நாள் விற்பனை 1,500 ரூபாய். அரிசி, உளுந்து, காய், எண்ணெய், எரிவாயு, இலை எல்லாம் சேர்ந்து 950. வாடகையும் மின்சாரமும் நாளுக்கு 100. மீதி 450. 'நாளுக்கு 450 இலாபம்' என்று அவர் சொல்வார், நாமும் வியப்போம்.

மாலையில் ஊறவைத்து அரைப்பதும், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைப்பதும், பத்து மணிக்குமேல் பாத்திரம் துலக்குவதும் யார் கணக்கில்? அதே உழைப்பைப் பிறர் கடையில் செய்தால் அவர்க்கு 350 ரூபாய் கூலி கிடைக்கும் என்றும், உதவிக்கு நிற்கும் கணவர்க்கு 100 ரூபாய் கிடைக்கும் என்றும் கொள்வோம். 450இல் 450 போயிற்று. இலாபம் சுழி.

இதனால் கடையை மூடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொந்தத் தெருவில், சொந்த அடுப்பில், யாருக்கும் கைகட்டாமல் கூலி ஈட்டுவது பெரும் பேறு. ஆனால் அது கூலி, இலாபம் அன்று. இந்த வேறுபாடு தெரியாதபோதுதான், 'இலாபம் வருகிறதே' என்று அடுத்த கடனுக்குக் கை நீள்கிறது. தண்டலுக்கு நாள்தோறும் 100 ரூபாய் போனால், அது இலாபத்திலிருந்து போகவில்லை; அந்த அம்மாவின் உடம்பிலிருந்து போகிறது.

நம் குடும்பத் தொழில்கள் பலவும் இவ்வாறே நிற்கின்றன. தையல், மாவு அரைத்தல், பூத்தொடுத்தல், ஆடு வளர்த்தல் எதை எடுத்தாலும், பெண்ணின் உழைப்புக்கு விலை இட்டால் இலாபம் சுருங்கும். விலை இடாததனால் அது பெருகித் தோன்றுகிறது. பெருஞ்சித்திரனார் வீட்டிலிருந்து நம் வீடு வரை, கணக்கில் வராத அந்த ஒரு வரியே குடும்பத்தைத் தாங்கி வருகிறது.

5. மலைமேல் ஏறும் விலை

நம் பள்ளத்தாக்கு விலையின் ஏற்ற இறக்கத்தில் வாழும் பூமி. காலையில் ஜீப்புகளில் ஏறி இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்கும் பெண்களின் கூலியும், போடிநாயக்கனூர் ஏலத்தில் கூவப்படும் ஏலக்காய் விலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. 2018ஆம் ஆண்டுப் பெருமழையும் அதன் பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தன. 2019 ஆகஸ்டு ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. ஓரிரு ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்தையொட்டி இறங்கியது.

ஏலச்செடி நட்டால் பலன் காண மூன்றாண்டு ஆகும். ஆகவே, ஒருவர் 7,000 ரூபாய் விலையைக் கண்டு கடன் வாங்கி நடுவாராயின், அவர் அறுவடை செய்வது அந்த விலையை அன்று. மூன்றாண்டுக்குப் பின்வரும் விலையை. அவரைப் போலவே பலரும் நட்டிருப்பர். எனவே காய் மிகும், விலை தாழும். விலை உயர்ந்த நாளில் கடன் வாங்குவதற்கும், உயர்ந்த விலையில் விற்ற பணத்தைச் சேமிப்பதற்கும் உள்ள வேறுபாடே ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வாழ்வைத் தீர்மானிக்கிறது.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் திராட்சை காத்திருக்காத கனி. பறித்த சில நாளில் விற்றாகவேண்டும். விற்றே ஆகவேண்டியவன் விலை சொல்ல இயலாது என்பது சந்தையின் பழைய இலக்கணம். முன்பணம் வாங்கியிருந்தால் அந்த இலக்கணம் இன்னும் இறுகும். விலைபேசும் உரிமை சேமிப்பு உள்ளவனுக்கே உரியது. சேமிப்பு என்பது பணம் மட்டுமன்று. 'இன்று விற்கமாட்டேன், நாளை வருகிறேன்' என்று சொல்வதற்குரிய ஒரு நாள் அவகாசம் அது.

6. சிலம்பு முதலாக

அந்த ஒரு நாள் அவகாசம் இல்லாமையால் விளைந்த காப்பியம் ஒன்று நம் தலைக்குமேல் மலையில் நிற்கிறது. கூடலூருக்கு அப்பால், வண்ணாத்திப்பாறை மங்கலதேவி கோட்டத்தை, இளங்கோவடிகள் பாடிய கண்ணகி கோட்டம் இதுவே என்று 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆராய்ந்து கூறினார். சித்திரை முழுநிலா நாளில் பளியன்குடி வழியாக நம்மவர் ஏறிச் சென்று வணங்குகின்றனர்.

சிலப்பதிகாரத்தை ஊழின் கதையாகவும் கற்பின் கதையாகவும் அரசியல் அறத்தின் கதையாகவும் கற்பிக்கிறோம். அது ஒரு சிறு வணிகத்தின் கதையுமாகும். கோவலன் வணிகன் மகன். கண்ணகியும் வணிகன் மகள். குலம் தந்த குன்றுபோன்ற செல்வத்தை இழந்த பின், அவன் மனைவியின் சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் வணிகம் தொடங்க எண்ணுகிறான். இந்நாட்டில் இன்றும் பல சிறு தொழில்கள் தொடங்கும் முறை இதுவே: மனைவியின் நகை.

வணிகக் கண்ணால் அந்தக் காதையைப் பாருங்கள். அறியாத ஊர். கையில் ஒரே ஒரு விலையுயர்ந்த பொருள். எடையும் மதிப்பும் குறித்த ஓலை இல்லை. உடன் சான்றாள் இல்லை. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்கும் பொறுமை இல்லை. வழியில் கண்ட முதல் பொற்கொல்லனிடமே பொருளைக் காட்டி, அவன் சொன்ன இடத்தில் காத்திருக்கிறான். பொருளுக்குரியவளாகிய கண்ணகியோ, மாதரி மனையில் இருக்கிறாள். 'இச்சிலம்பு என்னுடையது, இதன் பரல் இன்னது' என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் விற்பனை நடக்கும் இடத்தில் இல்லை. அவள் அரசவைக்கு வந்து சொன்னபோது வழக்கு ஒரு நொடியில் தீர்ந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

உரியவளை உடன் வைத்துக்கொண்டு விற்றிருந்தால் என்ற கேள்வியைக் காப்பிய ஆராய்ச்சியாளர் சிரித்து ஒதுக்கலாம். நகைக்கடன் வாங்க வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிக்கமாட்டார்கள். நகை அவளுடையது, கையெழுத்துக் கணவனுடையது, சீட்டு அவன் சட்டைப் பையில், மீட்கும் நாள் அவன் நினைவில் என்ற நிலை இன்றும் பல வீடுகளில் உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமை முழுவதும் அவளுக்கே உரியது என்றது. 1989இல் தமிழ்நாடு பிறந்த வீட்டுக் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதும் அது பரவியது. சட்டம் மூன்று படி ஏறியிருக்கிறது. அடகுச் சீட்டு இன்னும் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

7. களஞ்சியம்

சிறுவாடு என்னும் சொல் இவ்வவையிலுள்ள தாய்மார்க்கு விளக்கம் வேண்டாதது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் ஒளித்துவைக்கும் சிறு சேமிப்பு. ஏன் ஒளிக்கவேண்டும்? வெளியே தெரிந்தால் போய்விடும் என்பதனால். சிறுவாடு அச்சத்தில் பிறந்த வங்கி. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, அந்த வங்கியின் கதவு ஊர் அறியத் திறந்தது. பல்லாண்டு மறைத்த பணத்தைப் பெண்கள் கணவர் கையில் கொடுத்து மாற்றவேண்டியதாயிற்று. மாற்றிய பணத்தில் எவ்வளவு மீண்டும் பானைக்கு வந்தது என்பதை அந்தந்த வீடே அறியும்.

ஒளித்துவைக்கும் சிறுவாட்டை வெளிச்சத்தில், பத்துப் பேர் நடுவில், ஏட்டில் எழுதிவைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் நம் அண்டையிலேயே இருக்கின்றனர். 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1990இல், தேனி இன்னும் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தபோது, மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் இயக்கம் பிறந்தது. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. களஞ்சியத்தின் தலைவியரில் ஒருவரான சின்னப்பிள்ளை, எழுதப் படிக்க அறியாத விவசாயக் கூலி. கொத்து வேலையில் பெண்களின் கூலிக்காகப் பேசிப் பழகிய அவர், சேமிப்புக்காகவும் பேசினார். 2001இல் தில்லியில் அவர்க்கு விருது வழங்கிய தலைமை அமைச்சர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

களஞ்சியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் சொற்களைத் தொகுத்து அப்பெயரிடுகிறோம். அவர்கள் நெல் சேர்க்கும் இடத்தின் பெயரைப் பணம் சேர்க்கும் இடத்துக்கு இட்டார்கள். அவர்கள் ஆட்சி பழம்பொருளுக்கு அண்மையது.

இட்டலிக் கடை அம்மா 9,000 ரூபாயைக் குழுவில் ஒரு வட்டிக்குப் பெற்று, மாதம் 900ஆகப் பத்து மாதத்தில் திருப்பினால், மொத்த வட்டி 495 ரூபாய். அதே பத்து மாதத்தில் மூன்று முறை தண்டலைப் புதுப்பித்தால் 3,000 ரூபாய். வேறுபாடு 2,505. அது ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு.

குழுக்களிலும் குறை உண்டு. ஒரே பெண்ணின் பெயரில் நான்கு நிறுவனக் கடன். ஒன்றை அடைக்க மற்றொன்று. தவணை நாளில் வாசலில் கூட்டம். 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிப்படி, குறுங்கடன் பெறும் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான தவணைகள் அதன் மாத வருவாயில் பாதிக்கு மேற்படக் கூடாது. இந்த ஒரு வரியைக் கடன் தருபவர் சொல்லாவிடினும், நாம் நம் தெருவில் சொல்லலாம்.

ஏலச்சீட்டையும் சற்றே சொல்லவேண்டும். 20 பேர், மாதம் 1,000, சீட்டுத் தொகை 20,000. ஒருவர் 6,000 தள்ளி 14,000க்கு எடுக்கிறார். நடத்துபவர்க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 1,000 கழிவு; எஞ்சிய 5,000 இருபது பேர்க்கும் 250ஆகப் பகிரப்படும். நேர்மையாக நடந்தால் இது சேமிப்பும் கடனும் ஒன்றான அரிய அமைப்பு. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்ற ஒரு கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்கவேண்டும். நடுவில் கேட்பது நம் நட்பைக் கெடுக்கும்; முடிவில் கேட்பது பயன் தராது.

8. கவிதை நூலின் வரவு செலவு

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு கவிஞர் 500 படிகள் அச்சிட 40,000 ரூபாய் செலவிடுகிறார் என்க. படி ஒன்றுக்கு 80 ரூபாய். விலை 120. கடைக்காரர்க்கு நூற்றுக்கு 35 கழிவு தந்தால் கவிஞர் கைக்கு 78 ரூபாய் வரும். அதாவது கடையில் விற்கும் ஒவ்வொரு படிக்கும் அவர் 2 ரூபாய் இழக்கிறார். நிறைய விற்றால் நிறைய இழப்பார். 100 படியை 'அன்புடன்' என்று கையெழுத்திட்டு வழங்குகிறார். எஞ்சிய 400 படியையும் முழு விலைக்குத் தாமே விற்றால் 48,000. இரண்டாண்டில் விற்றுத் தீர்ந்தன என்றே கொள்வோம். மனைவியின் வளையலை ஒரு வட்டிக்கு அடகு வைத்து அச்சிட்டவரானால், இரண்டாண்டு வட்டி மட்டும் 9,600. எஞ்சிய 8,000 போதாது. இதுவும் எல்லாம் விற்ற பொற்காலக் கணக்கு.

நூலில் அச்சகத்தார்க்கு நன்றி உண்டு, அணிந்துரை தந்த பேராசிரியர்க்கு நன்றி உண்டு. வளையலுக்கு நன்றி இருக்கிறதா? பெருஞ்சித்திரனார் குறியெதிர்ப்பையைப் பாட்டிலேயே எழுதினார் என்று முன்னர்ச் சொன்னது இதற்காகவே.

இதற்கு மாற்றுவழி நம் முன்னோர் கண்டதே. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடும் முன், கையொப்பம் பெற்று முன்பணம் திரட்டினார். நூல் வெளிவரும் முன்பே அதற்கு வாசகர் இருந்தனர். பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார்: தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகளாக வெளியிடத் திட்டமிட்டு, வட்டியோடு திருப்பித் தருவதாக உறுதி கூறிக் கடன் கேட்டார். கொடை கேட்கவில்லை, கடன் கேட்டார். திட்டம் நிறைவேறவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். எண்களோடு திட்டமிடுவது கவிஞனுக்கு இழுக்கன்று என்பதற்கு அந்தச் சுற்றறிக்கை போதும். அதற்குச் செவிசாய்க்காத தமிழுலகத்தின் கணக்குத்தான் பிழைத்தது.

ஆகவே இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, உறுப்பினர் நூல் எதுவும் முன்பதிவு இல்லாமல் அச்சேற வேண்டாம்; 150 பேர் முன்பதிவு செய்தபின் 200 படி அச்சிடுவோம். இன்றைய அச்சு முறையில் அது இயலும். இரண்டு, நூலை அன்பளிப்பாக எதிர்பார்க்கும் வழக்கத்தை நாமே முதலில் கைவிடுவோம். விலை கொடுத்து வாங்குவதே சக கவிஞனுக்கு நாம் செய்யும் விமரிசனத்தின் முதல் வரி. மூன்று, மாதக் கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம், ஊரார் எவரும் தம் கடன் சீட்டையோ சீட்டு அட்டையையோ கொண்டுவந்தால், அதன் வட்டி உண்மையில் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வோம். அறிவுரை வேண்டாம், கணக்கு மட்டும் போதும். நான்கு, வட்டத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் மலரின் கடைசிப் பக்கத்தில் வெளியிடுவோம். பிறர்க்குக் கணக்குச் சொல்பவர் தம் கணக்கைத் திறந்து வைக்கவேண்டும்.

மூன்றாவது வேண்டுகோளுக்காக ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி வந்திருக்கிறேன். விலை 20 ரூபாய், என் பெயரில் வரவு வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதன் முதற்பக்கம் எழுதப்படுமாயின், இவ்வுரைக்கு வேறு கைம்மாறு வேண்டேன்.